செயப்பாட்டு வினை

பியாவிஸ்டோக்கில் பிப்ரவரி.
விடுதியின் இரண்டாம் மாடியில்
பதினான்கு மேலாளர்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்,
சட்டையில் குத்திய பெயர்.
பயிற்சியாளர் காயேதானுக்கு முப்பதுகூட இருக்காது.
ஆரஞ்சுப் பேனாவால் பலகையில் எழுதுகிறான்:
விஷயம் முதல் வரியில்.

யோவிதா குறித்துக்கொள்கிறாள்.
அவளுடைய விஷயம் பன்னிரண்டு நாளாகக்
கைப்பையில் மடித்துக் கிடக்கிறது.
ஜன்னல் கண்ணாடி ஆலை, மூன்றாம் வரிசை,
மார்ச் முதல் மாலை ஆறிலிருந்து இரவு இரண்டு வரை.
பதினொரு பேர்.

மதியத்துக்குப் பின் செய்முறை.
நீங்கள் தள்ளிப்போடும் ஒரு கடிதத்தை எழுதுங்கள்.
எழுதினாள்:
"சந்தைச் சூழலைக் கருத்தில்கொண்டு
பணிநேரம் மாற்றியமைக்கப்பட வேண்டுமென
முடிவு செய்யப்பட்டுள்ளது."

காயேதான் குனிந்து படித்தான்.
யாரால்? என்றான்.
அவ்வளவுதான். அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

போலிஷில் அதற்கென்றே ஒரு வினைமுற்று உண்டு,
ஆளே இல்லாமல் காரியம் நடந்து முடிந்துவிடும்.
தமிழிலும் நாம் சளைத்தவர்கள் இல்லை:
ஒரு 'படு' சேர்த்தால் போதும்,
செய்தவன் வாக்கியத்தை விட்டுப்
பின்வாசல் வழியே நழுவிவிடுவான்.

இரண்டாம் வரைவு பன்மையில் தொடங்கியது.
அவள் மொழியில் அதற்கு ஒரே சொல்.
இதைத் தமிழில் எழுதும் எனக்குத்தான் சங்கடம்.
நாம் என்று போட்டால் பொய்,
பதினொரு பேரை யாரும் கேட்கவில்லை.
நாங்கள் என்று போட்டால்
கதவு சாத்தும் சத்தம்.

ஆறு வரைவுகள். நடுவில் ஒரு காப்பி.
மேலும் கீழும் பாராட்டு, நடுவே கசப்பு
என்கிற முறையையும் பார்த்தாள்.
ஆனால் ஸெனோன்
சாண்ட்விச்சைப் பிரித்துப் பார்த்தே சாப்பிடுகிறவர்.

புதன்கிழமை எதையும் அனுப்பாமல்
ஆலைக்குள் இறங்கினாள்.
அங்கே பேச்சு கிடையாது, இரைச்சல்தான்.
காதடைப்பான் போட்டவர்கள் கையால் பேசுவார்கள்:
உள்ளங்கை உயர்ந்தால் நிறுத்து,
இரண்டு முட்டி விலகினால் விரிசல்,
சுண்டுவிரல் என்றால் மேலாளர் வருகிறாள்.
இந்தக் கடைசிக்குப் பொருள்
போன வருடம்தான் அவளுக்குத் தெரிந்தது.

உள்ளங்கையை உயர்த்தினாள்.
வரிசை நின்றது.
கண்ணாடிகள் சட்டங்களில் நடுங்கி அடங்கின.

"மார்ச்சிலிருந்து உங்களுக்கு இரவு வேலை.
முடிவு செய்தது நான்.
மேலே இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்,
ஆனால் கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்."

யாரும் கத்தவில்லை. அவள் கத்தலுக்குத் தயாராக வந்திருந்தாள்.
ஸெனோன் ஒரு காதை மட்டும் விடுவித்திருந்தார்.
"பஸ்?" என்றார்.

அவர் ஊருக்குக் கடைசிப் பேருந்து இரவு பத்தரைக்கு.
ஆறு வரைவிலும் அந்தப் பேருந்து இல்லை.
"தெரியாது" என்றாள். "வெள்ளிக்குள் சொல்கிறேன்."
தெரியாது என்பதற்குக் காயேதானின் பலகையில்
இடம் இருந்ததா, நினைவில்லை.

வெள்ளி மாலை நான்கு ஐம்பதுக்குக் கடிதம் போனது.
பொருள்: பஸ்.
"இரண்டேகாலுக்கு வேன். ஒன்பது பேருக்கு இடம்.
இன்னும் இரண்டு இடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.
யோவிதா."

ஸெனோனிடமிருந்து ஒற்றைச் சொல்:
"படித்தேன்."

மார்ச் பிறப்பதற்குள்
ஆனெல்யா வேலையை விட்டாள்,
வெட்டுமேசை போனிஃபாத்ஸியும் விட்டான்.
வேனில் இடம் கச்சிதமாகிவிட்டது.

மாத அறிக்கையில் யோவிதா தட்டினாள்:
போக்குவரத்துச் சிக்கல் தீர்க்கப்பட்டது.
கடைசிச் சொல்லை அழித்தாள்.
வெளியே இரண்டேகால் வேன்
எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கிறது.
அழித்த இடத்தில்
கர்சர் இன்னும் துடிக்கிறது.