இருநூற்று ஐம்பது மில்லிகிராம்

அவள் பெயர் உன்னூர்.
ஐஸ்லாந்து மொழியில் அலை என்று பொருளாம்.
தமிழில் எழுதியதும்
யாரோ ஊர் விசாரிப்பது போலாகிவிட்டது.
அவள் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

பிப்ரவரி. பத்து மணிக்குத்தான் விடிகிறது.
ஸ்டெய்ன்க்ரீமுரின் தக்காளிக் கண்ணாடிக்கூடத்துக்குப் பின்னால்
ஊற்று முனகிக்கொண்டிருக்கிறது.
நீண்ட கைப்பிடிக் கரண்டியால் மொண்டு
ஆறுவதற்குள்
ஒன்றுக்குப் பத்தாகத் தூயநீர் கலக்கிறாள்.
தாமதித்தால் சிலிக்கா
தன்னோடு தானே கைகோத்துக்கொள்ளும்.
அப்புறம் வாய் திறக்காது.

ஆழத்தில்
கருங்கல் வெடிப்புகளுக்குள்
எத்தனை காலம் கிடந்ததோ இந்தத் தண்ணீர்.
ஃபெல்ட்ஸ்பாரைக் கரைத்துக் களிமண்ணாய்த் துப்பியிருக்கிறது.
குவார்ட்ஸைத் தின்றிருக்கிறது.
தின்று தின்று, ஒரு கட்டத்தில்
தின்ற அளவே கக்கவும் தொடங்கியிருக்கிறது.
வெளியிலிருந்து பார்த்தால் சும்மா இருப்பதுபோல்தான் தெரியும்.
உள்ளேயோ, ஒன்று இறங்கும் படியில்
இன்னொன்று ஏறிக்கொண்டே இருக்கும்.
பாறைக்கும் நீருக்கும்
வரவும் செலவும் நேரான அந்தக் கணக்கு
அங்கிருந்த சூட்டுக்கு மட்டுமே செல்லும்.

பிறகு எங்கோ ஒரு பிளவு திறந்தது.
மேலே வந்தது,
வழியெல்லாம் சூட்டை உதறிக்கொண்டு,
கடனைத் திருப்பித் தர நேரமில்லாமல்.

குடுவையில் மருந்து விட்டதும்
மஞ்சள் படர்கிறது.
போன வருஷம் இருநூற்று ஐம்பது:
ஆழத்தில் நூற்று எண்பது பாகை என்று அர்த்தம்.
இந்த முறை மஞ்சள் கொஞ்சம் வெளிறியிருக்கிறது.
இருநூற்றுப் பன்னிரண்டு.
மறுபடி செய்கிறாள். இருநூற்றுப் பதினொன்று.

யாரோ புதிதாக உள்ளே வந்திருக்கிறார்கள்.
மலைமேல் உருகிய பனியாக இருக்கலாம்,
இன்னும் எந்தக் கல்லோடும் பேசி முடிக்காத தண்ணீர்.

"நம்பமுடியவில்லை" என்கிறார் ஸ்டெய்ன்க்ரீமுர்,
குழாயின்மேல் உள்ளங்கையை வைத்து.
"அதே சூடுதானே?"
அதே சூடுதான்.
கைக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"தக்காளி?"
தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கும் பிடிக்கவில்லை.
ஏப்ரலில் மறுபடி வருவதாகச் சொல்கிறாள்.

கிளம்பும்போது அவர் கொடுத்தது
கழற்றிப் போட்ட பழைய குழாய்முனை ஒன்று.
உள்சுவரெல்லாம் வெள்ளையாய், பளிங்காய் இறுகி
ஒரு பென்சில்கூட நுழையாத துளை.
வாங்கிய இடத்தில் தராத கடனை
இங்கேதான் வைத்துவிட்டுப் போயிருக்கிறது,
சில்லறை சில்லறையாக,
பதினேழு குளிர்காலம்.

காரில், பக்கத்து இருக்கையில்,
வளைவுகளில் அது உருளாமலிருக்க
தன் கையுறையை முட்டுக்கொடுக்கிறாள்.