அமுக்கு, பிடி, விடு

வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து
எங்கள் வீட்டில் பேச்சு இல்லை.
என்னைக் கேட்காமல் நாற்பதாயிரத்தைத்
தம்பியின் கொலுசுப் பட்டறைக்குத் தூக்கிக் கொடுத்தது
மாதையன்.
சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தது
நான்.

அதற்கு முந்தைய ஞாயிறு
ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
பதினோராம் வளைவில்
ஆல்ட்டோவின் பிரேக் பெடல்
நனைந்த பஞ்சு மாதிரி உள்ளே போனது.
செகண்ட் கியரும் ஹேண்ட் பிரேக்கும்
ஓரத்து மண்மேடும் சேர்ந்து நிறுத்தின.
பழைய ஆயில், தண்ணீர் குடித்திருக்கும்,
சூட்டில் கொதித்திருக்கும் என்று
வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தோம்.
பேசிக்கொண்டிருந்த காலம் அது.

சூரமங்கலத்து மெக்கானிக்
ஆயிரத்து எண்ணூறு கேட்டார்.
கொலுசுக்குப் போன வீட்டில்
ஆயிரத்து எண்ணூறு ஏது.

ஐந்து ரோட்டில் அரை லிட்டர் டாட் த்ரீ,
எட்டாம் நம்பர் ஸ்பேனர்.
குழாய்க்கு, ஆஸ்பத்திரியில்
தேதி தாண்டிப்போன டிரிப் செட் ஒன்று.
பதினெட்டு வருஷ நர்ஸுக்குக்
காற்றுக் குமிழியைப் பற்றி
யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

வேலை சுலபம்.
ஒருத்தியால்தான் ஆகாது.
பெடல் மேல் இன்னொரு கால் வேண்டும்.
கண்ணங்குறிச்சியில் எங்கள் தெருவில் இருக்கிற
அத்தனை கால்களையும் யோசித்துப் பார்த்தேன்.
கடைசியில் வண்டிச் சாவியை
அவர் படிக்கிற பேப்பர் மேல் வைத்தேன்.
எழுந்து வந்தார்.

ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது,
கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்கவைத்தேன்.
தூரத்துச் சக்கரம் முதலில்: இடது பின்பக்கம்.

அமுக்கு.
பிடி.
நிப்பிளைக் கால்வாசி திருப்பினேன்.
டிகாஷன் நிறத்தில் ஆயில் இறங்கியது,
கூடவே காற்று, ஜவ்வரிசி ஜவ்வரிசியாக.
மூடினேன்.
விடு.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில்
இவரை நான் வா போ என்றதில்லை.
ஆனால் ‘அமுக்குங்க’ என்று
மரியாதையை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள்
பெடல் தரை தட்டிவிடும்.
வண்டிக்கடியிலிருந்து வந்ததால்
இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஒன்பதாவது தடவையோ என்னவோ,
அவர் போன் அடித்தது.
தம்பிக்கென்று தனி ரிங்டோன்.
பிடி என்று சொல்லியிருந்தேன்,
கால் எழுந்துவிட்டது.
குழாயில் இறங்கிக்கொண்டிருந்ததெல்லாம்
சர்ரென்று மேலே ஏறியது,
போன காற்று திரும்ப வீட்டுக்குள்.
நாக்கு நுனியில்
நாற்பதாயிரம் வார்த்தை வந்து நின்றது.

‘மறுபடி’ என்றேன்.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது.
அமுக்கினார்.

மூன்றாவது சக்கரத்துக்கு முன்னால்
நான் சொல்லாமலே இறங்கிப் போய்
பானெட்டைத் திறந்து
டப்பாவில் மேல்கோடு வரை ஊற்றினார்.
பெயிண்டில் இரண்டு சொட்டு விழுந்ததும்
பையனின் ஸ்கூல் வாட்டர் பாட்டிலை எடுத்து
உடனே கழுவினார்.
இது பெயிண்டைத் தின்றுவிடும் என்று
இவருக்கு எப்படித் தெரியும்?
மூன்று ராத்திரி ஹாலில்
போன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது
தம்பியோடு பேச என்றல்லவா நினைத்தேன்.

சாயங்காலம் அடிவாரம் தாண்டி
மூன்றாம் வளைவு வரை ஏற்றித் திருப்பினேன்.
தடுப்புச் சுவரில் குரங்கு ஒன்று
எங்களை எடைபோட்டது.
இறக்கத்தில் பெடல்
உயரத்திலேயே, கெட்டியாக, நின்றது.

ஒவ்வொரு தடவை நான் பிரேக் போடும்போதும்
பக்கத்து சீட்டில்
மாதையனின் வலது கால்
ஒன்றுமில்லாத தரையை அமுக்கியது.
பிடித்துக்கொண்டே இருந்தது.
நான் விட்ட பிறகுதான் விட்டது.

நாற்பதாயிரத்தைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லவில்லை.
செக்போஸ்ட் வந்ததும்
‘இடது முன்னாடி ஏதோ உரசுது’ என்றார்.
எனக்கும் கேட்டது.
‘பேடு தேஞ்சிருக்கு.’
‘அடுத்த ஞாயிறு பாக்கலாம்.’
‘பாக்கலாங்க’ என்றேன்.