வேகமானி வாங்கும் கூட்டம்

பழையது எப்படிப் போனதென்று எல்லாருக்கும் தெரியும்:
உர்போ சுட்டார், அது குறுக்கே இருந்தது.
கண்ணிரண்டும் தப்பின.
எண் காட்டும் முகத்தில்
சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.
பொருளாளர் என்பதால் நான்தான் எழுதினேன்:
"வேகமானி ஒன்று. விபத்து."

இப்போது நவம்பர்.
கைனூ காட்டில் இரண்டரை மணிக்கே விளக்கேற்றியாயிற்று.
மூஸ் மான் சூப் விற்ற காசு
நானூற்றுப் பன்னிரண்டு யூரோ, பிஸ்கட் டப்பாவில்.
ஆறு பேர், ஒரு விறகடுப்பு,
ஈரக் கையுறைகளின் நாற்றம்.

நிழல் பார்க்கிற கருவி மலிவு.
முதல் கண்மேல் தோட்டாவின் நிழல் விழுந்தால் எண்ணத் தொடங்கும்,
இரண்டாம் கண்ணில் நிறுத்தும்.
ஆனால் அதற்கு வானம் வேண்டும்.
"நமக்கு வானம் ஆகஸ்டோடு சரி" என்றாள் சைமி.
வெயில் கொளுத்தினாலும் திணறும், மங்கினாலும் திணறும்;
ஒரு கோடையில் கொசு ஒன்றுக்கு
நொடிக்கு ஆயிரத்து நூறு மீட்டர் என்று
சான்றிதழே கொடுத்திருக்கிறது.

குழலில் கட்டும் காந்தப் பட்டைக்கு
இருட்டு ஒரு பொருட்டில்லை.
ஆனால் நுனியில் தொங்கும் எடை குழலை இழுக்கும்,
வேகம் கிடைக்கும், குறி எங்கோ போகும்.
மாப்பிள்ளையின் உயரம் பார்க்க
அவன் தோளில் ஏறி நிற்பதுபோல.

ரேடார்
உள்ளங்கையில் அடங்கும்.
மேசையோரம் முக்காலியில், துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருக்கும்.
"தோட்டாவின் வழியிலேயே வராது" என்று
விலைத்தாளை வாசித்தான் தவுனோ,
"தவறியும் யாரும் அதைச் சுட முடியாது."
ஒருவரும் உர்போவைப் பார்க்கவில்லை.
பார்க்காதது பெரிய சத்தமாக இருந்தது.
நானூற்று எழுபது யூரோ.

"பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறான்,
எண்ணூற்று ஐம்பது. அப்புறம் எதற்கு எந்திரம்?"
"அவன் சுட்டது நீளக் குழலில், உர்போ.
உன்னுடையதை நீ
கார் டிக்கியில் அடங்கவென்று அறுத்தாய்.
குளிரில் மருந்தும் சோம்பிவிடும்."
உர்போ காபியைக் கலக்கினார், நெடுநேரம்.
அவர் சர்க்கரை போடுவதில்லை.

விபத்தன்று நான் அடுத்த மேசையில் இருந்தேன்.
அதற்கு முந்தைய குண்டுக்கு
அந்த முகத்தில் எழுந்த எண்ணை
அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்:
எழுநூற்று எழுபத்தாறு.
ஏரிக்கு அக்கரையில், ஒரே குண்டில்
பத்தொன்பது வருடமாக அவர் வீழ்த்திவரும் மானுக்கு
அந்த எண்ணுக்குள் நிற்க இடமில்லை.
எய்தவனை நோகவில்லை, அம்பையும் நோகவில்லை.
அளந்ததைச் சுட்டார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
இன்றும் வாய்வரை வந்தது.
போன அக்டோபரில் அவர் சுட்ட பெட்டை
காலொடிந்து சதுப்பில் மூன்று கிலோமீட்டர் நடந்தது.
நாயோடு பின்னால் போனவள் நான்.
விடியும்போதுதான் கிடைத்தது,
உயிரோடு.

"மைனஸ் இருபதில் வேலை செய்யுமா?"
கேட்டது உர்போ.
"பேட்டரியை உள்சட்டையில் வைத்துக் கொண்டுபோனால் செய்யும்."
பர்ஸைத் திறந்தார்.
ஐம்பது ஒன்று, பத்து ஒன்று.
அடுப்பில் விறகு சரிந்தது,
யாரோ அதை ஒழுங்குபடுத்தப் போனார்கள்,
தேவைக்கும் மேலே நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

டிசம்பரில் முதல் ஆளாக வந்தார்.
திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துப்
பத்துக் குண்டு சுட்டார்.
பெட்டிமேல் இருந்த அச்செண்ணைப் பென்சிலால் அடித்து
பக்கத்தில் எதையோ எழுதினார்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

குறைந்தது ஐம்பத்தெட்டு, அவர் வைத்தது அறுபது.
உர்போவுக்கு இரண்டு யூரோ தர வேண்டும்.
புத்தகத்தில் இருக்கிறது.