வடித்த வயல்

நட்டு மூன்றாம் நாள்.
வெள்ளிவாயல் பக்கம், குத்தகைக்கு அரை ஏக்கர்.
விடிந்து பார்த்தால் மேற்கு மூலையில் நாற்றே இல்லை.
நீருக்கடியில் யாரோ கத்தரித்த மாதிரி;
தாள் மட்டும் மிதந்துபோய்
மடையோரம் பச்சையாக ஒதுங்கியிருந்தது.

கண்டெய்னர் யார்டில் இரவு முழுக்க
நம்பர் சரிபார்த்துவிட்டு வந்த கண்
இங்கேயும் எண்ணத் தொடங்கியது:
ஒரு பாய் அகலத்துக்குப் பதினொன்று.

பக்கத்து வயல் பர்லோகம் சொன்னான்,
"நத்தைக்குத் தண்ணிதான் ரோடு.
ரோட்டை எடுத்துடு. நின்னுடும்."

வடித்தேன். சேறு மட்டும் மினுங்கியது.
குறுக்கே சாண் அகலத்துக்கு வாய்க்கால் கீறி
பப்பாளித் தழையைப் போட்டேன்.
மகள் பிறந்தபோது வாங்கின கொசுவலையை
மடிச்சு, மடைவாயில் கட்டினேன்.

ராத்திரி.
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியின் சிவப்பு
வாய்க்காலில் விழும், அணையும், விழும்.
விழும்போதெல்லாம் ஓடுகள்;
தழையைச் சுற்றி, சந்தைக்கு வந்தவர்கள் போல,
ஒரு அவசரமும் இல்லாமல்.

ஒன்றைத் தூக்கினேன்.
கதவைச் சாத்திக்கொண்டது.
நிலத்துக்காரர் பைக் சத்தம் கேட்டால்
எங்கள் வீடும் அப்படித்தான்.

மூன்று பக்கெட்.
காலையில் தேசம்மா வந்தாள்,
காசிமேட்டில் நத்தைக்கறி விற்பவள்.
மூலத்துக்கு, இருமலுக்கு,
குவார்ட்டருக்குத் தொட்டுக்கொள்ள.
பேரத்துக்கு நான் தயாராக இருந்தேன்.

ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தாள்.
பக்கெட்டிலேயே திரும்பப் போட்டாள்.
"எண்ண வாட வர்து. ஆத்துத் தண்ணியா?
வேணாம்ப்பா. என் வாடிக்கைங்கோ
நாளைக்கும் வரணும்ல."
கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு
ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன்,
மூன்று பக்கெட்டையும்.

மேற்கு மூலைக்கு பர்லோகம்
மிச்சம் வைத்திருந்த நாலு முடி கொடுத்தான்.
முப்பது நாள் நாற்று, தண்டு தடித்தது.
"இதைக் கடிக்க அதுக்குப் பல்லு பத்தாது" என்றான்.
வேர் பிடித்துவிட்டது எல்லாம்.
நெல் என்றால் நெல்தான். மூட்டை கட்டினால்
யாரும் முகர்ந்து வாங்குவதில்லை.

இன்று சாயங்காலம்
இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வைக்க வேண்டும்.
கொசுவலையில் நாலு நத்தை மாட்டியிருந்தது.
பிடுங்கி வரப்பில் எறிந்தேன்.

ஈரக் கையை
மூக்குப் பக்கம் கொண்டுபோகவில்லை.
லுங்கியில் துடைத்துக்கொண்டு
மடையைத் திறந்தேன்.