விழும் பென்குவின்

படிவத்தில் பதினான்கு கேள்விகள்.
வயதுக்கு ஏற்றதா, விளம்பரம் குறுக்கிடுகிறதா,
பிள்ளையின் பெயரையும் ஊரையும் கேட்கிறதா,
வேகம் ஆர்வத்தைத் தக்கவைக்கிறதா.
ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் இடுக.

மொன்டெவிடியோ அலுவலகத்தில்
நானே ஆடிப் பார்த்து,
நாற்பத்தொன்பது வயதில்
ஆறாம் வாய்ப்பாட்டுக்குத் தங்கப் பதக்கம் வாங்கி,
நாலும் ஐந்துமாக அள்ளிப் போட்டிருந்தேன்.
ஒரு பள்ளியிலாவது சோதித்த பிறகே கையெழுத்து
என்பது விதி.
அதனால் ஐந்தரை மணி நேரப் பேருந்து.

தக்குவரெம்போ தாண்டி, தார் முடிந்து, சரளையும் முடிந்த இடம்.
பதினொரு பிள்ளைகள். ஒரே ஆசிரியை, சுல்மா.
வெள்ளை அங்கி, கழுத்தில் நீல நாடா முடிச்சு;
பாதிப் பேருக்கு அவிழ்ந்து விசைப்பலகை மேல் கிடந்தது.
சன்னலுக்கு வெளியே சேணத்தோடு ஒரு குதிரை
பள்ளி விடுவதற்காக நின்றிருந்தது.

விளையாட்டு இதுதான்.
பனிப்பாறை மேல் ஒரு பென்குவின்.
ஆறேழு எவ்வளவு?
நாற்பத்திரண்டு என்று தட்டினால் அடுத்த பாறைக்குத் தாவும்,
ஒரு நட்சத்திரம், ஒரு மணியோசை.
தவறென்றால் தண்ணீர்.
தண்ணீரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.
நான்தான் ஒருமுறையும் தவறவில்லையே.

யமந்தூ தவறினான்.
பென்குவின் கண்ணை உருட்டி, சிறகை அடித்து,
வயிறு முன்னாலும் மானம் பின்னாலுமாகத்
தொபுக்கடீரென்று விழுந்து
தலையில் ஒரு மீனோடு மேலே வந்து தும்மியது.

வகுப்பே எழுந்து அவனிடம் போயிற்று.

அதன் பிறகு ஆறேழு மூன்று.
ஆறேழு தொள்ளாயிரம்.
"நாற்பத்திரண்டு மட்டும் வேண்டாம்,
அது சும்மா தாவும்" என்று எச்சரித்தாள் அனாயி.
சீரோவுக்கு ஒரு கணக்கு
தவறிச் சரியாகிவிட்டது;
தலையில் அடித்துக்கொண்டான்.

பிழை பெரிதானால் மீனும் பெரிதாகும் என்று
யாரோ கிளப்பிவிட்டார்கள்.
உடனே கரும்பலகையில் ஒரு பட்டியல்:
சரியான விடை, நம் விடை, நடுவில் எவ்வளவு, என்ன மீன்.
கழித்தலுக்குச் சண்டை.
கழித்தல் இந்த விளையாட்டிலேயே கிடையாது.
மீன் உண்மையில் வளர்ந்ததா
என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.
திரையின் மூலையில் வகுப்பின் தேர்ச்சி
பதினொரு சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

ஏபெர் மட்டும் சேரவில்லை. ஆறு வயது.
பென்குவினுக்குக் குளிரும் என்றான்.
அவனுக்கு வந்த கணக்கு எட்டும் ஐந்தும்.
எட்டு விரல் நீட்டினான்,
மீதி இரண்டையும் நீட்டினான்,
விரல் தீர்ந்தது.
அனாயியின் கையை இழுத்து
அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான்,
பதினொன்று,
பன்னிரண்டு,

தொபுக்கடீர்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே"
என்றான், திரையைப் பார்த்து.
மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.
மூன்றாம் முறை வைக்காமல்
கணினியை மெல்ல மூடி
அதன் மேல் கையை வைத்துக்கொண்டான்.

சுல்மா மாத்தே சுரைக்குடுவையை என்னிடம் நீட்டியபடி
"இதை மெதுவாக்கப் பொத்தான் உண்டா?" என்றாள்.
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
நான் பார்க்காமல் போட்ட ஐந்து
என் பையில் இருந்தது.

திரும்பும் பேருந்தில் அடித்தல் திருத்தல்.
வேகம்: ஐந்தை வெட்டி ஒன்று.
ஒன்பதாம் கேள்வி, "மாணவர் கற்றனரா?"
மூன்று போட்டேன், அழித்தேன், நாலு போட்டேன், அழித்தேன்,
தாள் அந்த இடத்தில் மெலிந்துபோயிற்று.

பிறகு விளையாட்டைத் திறந்தேன்.
எட்டும் ஐந்தும்.
எதையும் தட்டவில்லை,
கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்திருந்தேன்.
ஏழு வினாடி.

ஒலியைக் குறைக்க மறந்திருக்கிறேன்.
இருண்ட பேருந்து முழுக்க அது தும்மியது.
முன்னிருக்கையில் தூங்கிய பெண் கண் திறக்காமலே
"ஆயுசு நூறு" என்றாள்.