பல

லாட்ஜ் பையன் என் கடவுச்சீட்டைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"தமிழ் பேசுறீங்க. அப்புறம் எப்படி ஃபாரினர்?"
எனக்கும் சொல்லத் தெரியவில்லை.
போஜன்தான் மேசையில் கையூன்றி
"ஆளுக்கு சி ஃபாரம் போட்டுக்கோ,
வண்டி நம்மூரு, டி.என். நாப்பத்திமூணு" என்றான்.

கட்டாரில் ஆறு வருசம் ஒரே இரும்புக் கட்டில்,
மேல்தட்டு அவனுக்கு, கீழ்த்தட்டு எனக்கு.
மேடென்று ஒன்றே இல்லாத ஊர்.
ஒரு வெள்ளிக்கிழமை சோற்றைக் குவித்து
விரலால் வளைவுகள் கீறினான்: இது கோத்தகிரி.
ரசத்தை ஊற்றினான்: இது கேத்தரின் அருவி.
நானும் என் தட்டில் குவித்தேன்: இது நோர்வூட்.
இரண்டு மலைகளையும் தின்று கைகழுவி
இரவு வேலைக்குப் போனோம்.

இப்போது அவனுடைய ஆர்எக்ஸ் நூறின் பின்சீட்டில்,
அவன் மலையில் நான்.
முழங்கால் இரண்டும் குளிரில் மரக்கட்டை.
கட்டபெட்டில் இறங்கி "ஒரு பிளேன்டீ" என்றேன்.
கடைக்காரர் மலையாளத்தில் யோசித்துக்
கட்டன் சாயா தந்தார்.
முக்கிய வர்க்கியில் பாதி கிளாசுக்குள் விழுந்து கரைந்தது.
"அதுக்கு ஒரு கணக்கு இருக்கு" என்றான் போஜன்,
கணக்கைச் சொல்லவில்லை.

தேயிலை இங்கேயும் தேயிலைதான்.
லயம் என்று நான் கைகாட்டினால்
லைன் வீடு என்று அவன் திருத்தினான்.
கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர் என் பேச்சைக் கேட்டு
தராசை விட்டுவிட்டு வந்தார்.
டிக்கோயாப் பக்கமா? ஆத்துப் பாலம் இருக்கா?
எத்தனை கண் அதுக்கு?
ஆயிரம் தடவை கடந்த பாலம், எண்ணியதே இல்லை.
மூன்று என்றேன்.
"நாலு" என்று சொல்லிவிட்டு
அவர் தராசுக்குத் திரும்பினார்.

கோடநாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
மோயாற்றைப் பார்த்தோம்,
கீழே யாரோ தவறவிட்ட நூல்.
"அந்தாண்ட கர்நாடகா."
எப்படித் தெரியும்?
"போர்டுல போட்டிருக்கு."

திரும்பும்போது மூடுபனி.
ஒரு வளைவில் சாலை முடிந்து
காட்டெருமை தொடங்கியது.
போஜன் எஞ்சினை அணைத்தான், விளக்கும் செத்தது.
மிச்சமிருந்தது ஒரு பெரிய மூச்சும்
வெள்ளைக் காலுறை போட்ட நான்கு கால்களும்.
அவன் படுக பாஷையில் அதனிடம் எதையோ
மெல்லக் கெஞ்சினான்,
ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை.
என் வாயிலிருந்து தானாக வந்தது:
"பல... பல..."

போஜன் இடப்பக்கம் பார்த்தான்,
வலப்பக்கம் பார்த்தான்,
கழுத்தைத் திருப்பி என் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.
"எத்தனைடா?"

எருமை தேயிலைக்குள் இறங்கிப் போன பிறகுதான் சொன்னேன்:
சிங்களத்தில் பல என்றால் போ.
எங்கள் கடைத்தெரு நாய்களுக்கு நன்றாக விளங்கும்.
பெட்ரோல் டாங்கின்மேல் கவிழ்ந்து சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
நாய்களுக்கு மட்டும்
அதைச் சொல்லிக் கேட்டதில்லை என்பதை
அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஊர் வரைக்கும் அவனுக்கு அதுவே ஹாரன்.
எதிரே வந்த லாரிக்குப் பல,
வேகத்தடைக்குப் பல,
தூறத் தொடங்கிய மழைக்கும் பல.
பின்சீட்டில் ஒவ்வொரு தடவையும்
என் கால் தானாகத் தரையைத் தேடியது.

காலையில் வண்டிக்குக் கீழே
ஒரு செவலை நாய் சுருண்டு கிடந்தது.
"பல" என்றான் போஜன்.
அது ஒரு கண்ணைத் திறந்து,
எத்தனை என்பதுபோல் பார்த்து,
மூடிக்கொண்டது.
எழும்பட்டும், என்ன அவசரம் என்று
படியில் உட்கார்ந்தோம்.
என் விசாவில் இன்னும் பதினொரு நாள் இருந்தது.