மூன்று வாய்

ஏழாம் படுக்கை. தேசப்பன், ஐம்பத்து மூன்று.
காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பிரிப்பவர்.
கழுத்தின் வலப்பக்கம் ஒரு குழாய்,
அதற்கு மூன்று வாய்.
பழுப்பில் ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்து,
நீலத்தில் ஆன்டிபயாடிக்,
வெள்ளை சும்மா இருக்கிறது.
சும்மா இருக்கும் வாயைத்தான்
நான் அதிகம் சந்தேகிக்கிறேன்.

போட்ட இரவு, மணி இரண்டே கால்.
டாக்டர் இன்பசேகர் கையில் ஊசி,
நோயாளியின் மேல் கைக்குட்டை அளவு பச்சைத் துணி.
"பெரிய துணி வரட்டும் சார்.
மருந்து தடவிய இடமும் காயட்டும்."
"பிரஷர் அறுபது, சிஸ்டர்."
"கையில் ஓடும் ஊசி வழியே மருந்து போகிறது, சார்.
இரண்டு நிமிடம்."
வார்டில் எல்லோரும் வென்டிலேட்டரையே பார்த்தார்கள்.
அவர் கையுறையைக் கழற்றி எறிந்தார்,
மறுபடி கை கழுவப் போனார்.
தேசப்பனின் இதயம் நூற்று நாற்பதில் ஓடியது.
என்னுடையதை யாரும் அளக்கவில்லை.

விடியும்வரை என்னோடு பேசவில்லை.
பிறகு வந்து, "டீ சொல்லவா?" என்றார்.

உப்புக் காற்றில் ஊறிய தோல், வியர்வை, தாடி:
ஒட்டிய பிளாஸ்டர் விளிம்பு தூக்குகிறது.
தூக்கினால் மாற்று,
மாற்றினால் தேதி எழுது.
மணலிப் புகை கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
மார்க்கர் மை என் விரலில்.

பார்வை நேரத்தில் நாகபூஷணம் வந்தாள்.
"இன்னா சிஸ்டர், கழுத்துல இவ்ளோ வயரு?
நான் தொட மாட்டேன், இது மீன் கை."
கழுவிவிட்டுத்தான் வந்திருந்தாள், மூன்று முறை.
உள்ளங்கையில் மருந்து ஊற்றினேன், தேய்த்தாள்,
தேய்த்தபடியே சொன்னாள்:
"டீசல் டியூப்ப கயட்டுனா
வாய துணி கட்டித்தான் வெப்பாரு எங்க ஊட்டுக்காரு.
ஒரு மண்ணு பூந்துச்சின்னா
எஞ்சினே பூடும்னுவாரு."

அதற்கு மேல் எனக்கு வகுப்பு வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும் முன்னும்
மூடியைப் பதினைந்து விநாடி தேய்க்க வேண்டும்.
எனக்கு எண்கள் ஓடிவிடும், அதனால் ஸ்டேஷன்கள்:
கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர்,
திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர்.
நிதானமாகச் சொன்னால் சரியாக வரும்.
அவசரத்தில் திருவொற்றியூரிலேயே
இறங்கிவிடுகிறவர்கள் உண்டு.
நானும் இறங்கியிருக்கிறேன்.

போன மாதம் நாலாம் படுக்கையில் ஒரு பையன்,
கன்டெய்னர் லாரி கிளீனர்.
ஒன்பதாம் நாள் குளிர்ஜுரம்.
தொடையில் ஒரு குழாய் இருந்தது,
எதற்கென்று யாருக்கும் நினைவில்லை.
எடுக்கச் சொல்லவும் யாருமில்லை,
நான் உட்பட.
ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் முழுதாக இருந்தது.
அவன் பெயரின் இனிஷியல் தப்பு.

அதிலிருந்து காலை ரவுண்ட்ஸில்
தலைமாட்டில் நின்று கேட்கிறேன்:
இது இன்னும் வேணுமா?
முதல் நாள் ஆம். இரண்டாம் நாள் ஆம்.
மூன்றாம் நாள் பெரிய டாக்டருக்கு எரிச்சல்.
நான்காம் நாள், பழுப்பில் மருந்து பாதி.
ஐந்தாம் நாள் நான் வாய் திறக்கும் முன்
இன்பசேகர் கேட்டார்.

தலைப்பக்கம் தாழ்த்தினோம்.
காற்று உள்ளே போய்விடக் கூடாது.
"மூச்ச புடிச்சிக்கோங்க அண்ணே."
வென்டிலேட்டரிலிருந்து இறங்கி ஒரு நாளான தொண்டை
கரகரத்தது: "முங்குற மாதிரியா?"
ஆமாம், முங்குகிற மாதிரி.

வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு சாண் நீளம்.
துணியை அழுத்திப் பிடித்தேன்,
எண்ணூர் போய்த் திரும்பி
மறுபடி எண்ணூர்.
தட்டில் கிடந்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்,
உதிரிபாகம் பார்க்கும் கண்.
"இது இன்னா சைஸு?"
சொன்னேன்.
"ம்" என்றார், நம்பாமல்.

நாலாம் படுக்கைக்கு ஆள் வருகிறது,
ராயபுரம் பாலத்தில் நெரிசலாம், பத்து நிமிடம்.
பெரிய துணி ஒரே ஒரு பாக்கெட் மிச்சம்.
இன்டென்ட் நோட்டில் மூன்றாம் முறையாக எழுதுகிறேன்,
இந்த முறை சிவப்பில்.